நிழலும் மருந்தும்

சோழநாட்டு மடமொன்றன் நந்தவனத்தில் கிணற்றை அடுத்து நின்ற பழைய புங்கமரம், சென்ற ஐப்பசிக் காற்றில் வேரோடு சாய்ந்தது. அது நின்ற இடம் 20 அடிச் சதுரம். அவ்விடத்து மீண்டும் ஒரு புங்கங்கன்று நடுவதோ, அன்றி நிலவேம்பு விதைத்து மருந்துப் பாத்தி ஆக்குவதோ என அம்மடத்தாரிடையே ஒரு வழக்கு எழுந்தது. மூத்த அடியார் ஒருவர் மருந்தே வேண்டும் என்றார். நந்தவனப் பணி செய்வார் நிழலே வேண்டும் என்றனர். வழக்கு அவ்வளவில் நின்றிருக்குமாயின் அதனை இப்பத்திரிகையில் எடுத்துப் பேச வேண்டுவதில்லை. அடியாரோ தம் கட்சிக்குச் சித்தாந்தத்தையே துணை கொண்டார். மருந்து நோயை நீக்கும். நிழல் வெயிலை மறைக்குமேயன்றி நீக்காது. பாசநீக்கமே வீடு எனக் கொண்ட சைவர்க்கு மருந்தே திருவருளுக்கு ஏற்ற உவமை. ஆகலின் மடத்தில் இருக்கத் தக்கதும் அதுவே. நிழல் வழிப்போவார் இளைப்பாறுதற்கு உரிய உலகநலம் மாத்திரையே என்பது அவர் கூற்று. அங்குள்ள அன்பர் ஒருவர் இதனை எழுதி, இது பொருந்துமோ என எம்மை வினவினார். இரண்டு வரியில் விடை எழுதி அனுப்பலாம் என எண்ணியே தொடங்கினோம். தொடங்கிய பின்னர் வினா அத்துணை எளிதன்று எனக் கண்டோம்.

முதற்கண் இவ்விரண்டையும் உள்ளவாறு அறிதல் வேண்டும். நிலவேம்பு வேப்பமரத்தோடு இனத்தால் தொடர்புடையதன்று. கைப்பு ஒன்றுபற்றி அப்பெயர் பெற்ற சிறு பூண்டு. முழங்காலளவு முதல் இடுப்பளவு வரை உயரும். விதைத்த மூன்று நான்கு திங்களில் பூக்கும். பூக்குங் காலத்து வேர், தண்டு, இலை, பூ என்னும் எல்லாவற்றோடும் அதனைக் கொள்வர். சித்த மருத்துவர் இதனைச் சமூலம் என்பர். சுரத்திற்கு இது சிறந்த மருந்தாகக் கொள்ளப்படுகின்றது. இதனோடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவற்றைக் கூட்டி 9 சரக்காகக் காய்ச்சுவதே நிலவேம்புக் குடிநீர். 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது அரசினரே இக்குடிநீரை மக்களுக்கு வழங்கினர். அதன் ஆற்றலைப் பற்றி மேனாட்டு முறை மருத்துவர் சிலர் ஐயுற்றதும் உண்டு, அவ்வாராய்ச்சி எமக்குரியதன்று. எமக்கு வேண்டுவது ஒன்றே. அம்மருந்து எல்லார்க்கும் எப்பொழுதும் ஆவதன்று. கருவுற்ற மகளிர்க்கு அதனை விலக்குவர். அளவு அறிதல் வேண்டும். கொடுக்கும் நாள் அறிதல் வேண்டும். கொடுப்போன் நோயின் குறி உணர்ந்தவனாதல் வேண்டும்.

புங்கம் கிளை பரப்பி நிற்கும் மரம். வேனில் முதிருமுன் சின்னாள் இலையுதிர்த்து, விரைவிலேயே பசுந்தளிர் போர்த்துக்கொள்ளும். உவர்நிலத்தும் தாங்கி நிற்கும். அதன் வித்திலிருந்து எடுக்கும் எண்ணெய் விளக்கெரித்தற்கும் சொறி சிரங்கிற்கும் பயன்பட்டு வந்தது; எனவே அதனை மருந்துக்குப் புறம்பு எனத் தள்ளுதலும் இயலாது. நட்டுச் சில ஆண்டுகள் கழிந்தே ஒருவர் அமர்தற்கு உரிய நிழல் தரும். அந்நிழல் வெறும் மறைப்பு அன்று. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக விடுதலால் சூழ்ந்த காற்றும் வெப்பந் தணிகின்றது. தகரக் கொட்டகையின் நிழலுக்கும் மரநிழலுக்கும் உள்ள வேற்றுமையைச் சித்திரைப் பகலில் இரண்டிலும் இருந்தவர் எவரும் அறிவர். அடியார் நிழலை மறைப்பு எனக் கூறியது கொட்டகை நிழலை நினைந்து போலும்.

இனி, இவ்விரண்டனுள் எதனை அளித்தல் பேரறம் என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். மருந்து கொடுப்போன் தன்னிடம் பெறுவோனை அறிவான். நோய் தீர்ந்தபின் பெற்றவன் நன்றி கூற வருவான். அவன் வரவு இனிது. அவ்வினிமையிலேதான் இடரும் உள்ளது. என் கையால் தீர்ந்தது என்னும் எண்ணம் கொடுத்த கையை விட்டு நீங்குவது அரிது. மரம் நட்டோனோ அந்நிழலில் இருப்பார் இன்னார் என அறியான். பெரும்பான்மையும் அவர் வருங்கால் அவன் உலகில் இரான். ஆகலின் யான் எனது என்னும் செருக்கு ஒட்டாத அறம் மரம் நடுதலே என்பர் சிலர். யாமும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தோம். இப்பொழுது அக்கருத்து எமக்கு முழுதும் உடன்பாடன்று. நட்ட மரத்தின் அடியிலேயே தம் பெயர் பொறித்த கல்லை நாட்டுவாரும் உளர். செருக்குப் புகுதற்கு நிழலிலும் இடம் உண்டு. அதனினும் வலியதோர் ஏது உண்டு. மடத்து வாயிலில் ஒருவன் சுரத்தால் நடுங்கி நிற்க, கன்று நட்டுள்ளோம், சில ஆண்டிற் பயன் தரும் என்பது அவனுக்கு விடையாகுமோ? இனிப் பிறக்கப் போவாரிடத்து இரக்கங் கொள்ளுதல் எளிது. அவர் நம்மை ஒன்றுங் கேளார். கிட்டே நிற்பவரோ கேட்பர், இருமுவர், நள்ளிரவில் எழுப்புவர். அவர்பால் இரங்குதற்கு அஞ்சி, எதிர்காலத்தார்பால் இரங்குவதை மேலான அறம் எனப் பெயரிட்டுக் கொள்வாரை யாம் கண்டுள்ளோம்.

திங்களூரில் நிகழ்ந்ததை ஈண்டு நினைத்தல் தகும். அப்பூதியடிகள் வழிப்போவார்க்குத் தண்ணீர்ப்பந்தர் அமைத்தார், அது நிழலறம். அதற்குத் தம் பெயரை இட்டிலர். தாம் அதுகாறும் கண்ணாற் காணாத திருநாவுக்கரசர் பெயரை இட்டார். அவ்வரசரே அவ்வழி எழுந்தருளி, நும் பெயர் எழுதாது பிறிதொரு பெயர் எழுதியது என்னை என வினவியபோது, வந்தவர் இன்னார் என அறியாத அடிகள் அவ்வினாவைப் பொறாது வெகுண்டதைப் பெரியபுராணம் ஓதுவார் அறிவர். அன்றே, விருந்தின் பொருட்டு வாழைக்குருத்து அரியத் தோட்டத்திற் புகுந்த மூத்த மைந்தனை அரவு தீண்டியது. பந்தரால் அங்கு ஆவதொன்றில்லை. விடம் தீர்க்கும் திருப்பதிகமே வேண்டப்பட்டது. ஓரூரில் ஒருநாளில் நிழலறமும் மருந்தறமும் தம்மிற் சந்தித்தன.

இதில் யாம் வியப்பது பிறிதொன்று. மருந்து தம் மனையிலேயே எழுந்தருளியிருக்கவும் அடிகள் அதனை வேண்டிலர். மைந்தன் இறந்ததை மறைத்து, அடியார்க்கு அமுது படைப்பதிலேயே கருத்தூன்றினார். நாவரசரே மைந்தன் எங்கே என வினவி, விடையில் ஏதோ மறைவு உண்மை தம் உள்ளத்துப் பட, வலிந்து உண்மை உணர்ந்து அருள் செய்தார். கேளாமற் கிடைத்தல் நிழலுக்கே உரிய இயல்பு என மேலே கூறினோம். ஈண்டு மருந்தும் அவ்வியல்பிற்றாயே வந்தது. ஆகலின் அறத்தின் உயர்வு தாழ்வு கொடுக்கப்படும் பொருளைப் பற்றியதன்று. பெறுவோன் எந்நிலையில் நிற்கின்றான் என்பதையும், கொடுப்போன் தன்னை அதனுள் எவ்வளவு வைத்தான் என்பதையும் பற்றியது. இதுகாறும் கூறியதில் அடியார்க்கும் எமக்கும் பெரிதும் மாறுபாடு இராது.

மாறுபாடு உவமையிலே தொடங்குகின்றது. உவமை ஒருபுடை ஒப்புமையே, அதில் வழக்கிடுதல் எற்றுக்கு எனச் சிலர் கூறுவர். அது முழுதும் உண்மையன்று. எந்த உவமையைத் தலைமையாகக் கொள்கின்றோமோ, நம் வீட்டுக் கொள்கையும் நம்மை அறியாமலே அதன்பால் வளைந்து விடுகின்றது.

மருந்துவமையின் சிறப்பை யாம் மறுக்கவில்லை. ஆணவம் நோய், இறைவன் மருத்துவன். புள்ளிருக்குவேளூரில் அவன் வைத்தியநாதன் என்றே பெயர் பூண்டு வீற்றிருக்கின்றான். புறவிருள் பிற பொருளை மறைத்தும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. ஆகவே நோயாளன் தன் நோயைத் தானே உணர்ந்து மருத்துவனைத் தேடுதல் இயலாது. மருத்துவனே அறிந்து வருதல் வேண்டும். உயிர்க்கு உள்நின்று உணர்த்தி வந்த முதல்வனே குருவாகியும் வந்து உணர்த்துவன் எனச் சிவஞானபோதம் 8-ஆஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் கூறியது இதற்கு இயையும். ஒரே மருந்து நோயாளர் நிலைக்கு ஏற்ப அளவு வேறுபடுதல், சத்திநிபாதம் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுதற்கு இயையும். நிழலுவமையில் இவற்றைக் காட்டுதல் அரிது. மரம் எவரையும் தேடி வாராது. எவர் நிலையையும் நோக்காது.

ஆயினும் மருந்துவமை மாத்திரமே கொள்வார்க்கு ஓர் இடர்ப்பாடு நேரும். நோய் நீங்கினான் மருந்தை வேண்டான். மருத்துவனையும் வழியிற் கண்டபோது கைகூப்பித் தன் வழியே போவான். திருவருள் மருந்தேயாயின், மலம் நீங்கிய உயிர்க்கு இறைவனிடத்து யாது கருமம்? துன்பம் ஒழிதலே வீடு என்பாரும், வீடுபெற்ற உயிர் கல்லைப் போல உணர்வின்றிக் கிடக்கும் என்னும் பாடாணவாதியரும் வந்து சேரும் இடம் இதுவே. மூத்த அடியார் அவர்தம் கொள்கையை மனத்தாலும் கொள்ளார் என்பது எமக்குத் தெரியும். ஆயினும், பாசநீக்கமே வீடு என அவர் கூறிய அச்சொற்றொடர் அவ்வழியிலேயே செல்கின்றது. சைவ சித்தாந்தம் வீட்டிற்குப் பாசநீக்கம், சிவப்பேறு என இரண்டு கூறுகின்றது. சிவஞானபோதம் 10-ஆஞ் சூத்திரம் பாசம் நீங்குமாறு கூறியது. நீங்குதலே முடிவாயின் பயன் கூறுதல் அங்கே அமைந்துவிடும். 11-ஆஞ் சூத்திரம் அதன்மேலும் சென்று, அன்பினால் உயிர் இறைவன் திருவடியைச் சேருமாறு கூறிற்று. மருந்து 10-ஆஞ் சூத்திரத்தோடு நின்றுவிடுகின்றது. நிழலோ நோயில்லாதானுக்கும் இனிது. அவன் அதனை வேண்டுதற்குக் காரணம் துன்பமன்று. சேர்ந்தார்க்குத் திருவடியை நிழலாகக் கூறும் வழக்கு நம் முன்னோரிடத்து வேரூன்றியது இதனாற் போலும்.

இன்னும் ஒன்று. மருந்துண்டவன் உடலில் நோய் இல்லையாதல்போல, முத்தியில் ஆணவம் இல்லாமற் போவதில்லை. அது என்றும் உள்ள பொருளாகலின் அழியாது. அதன் சத்தியே மடங்கும். நிழலில் இருப்பவனை நோக்குக. வெயில் ஒழிந்துபோகவில்லை, எட்டடிக்கு அப்பால் மண்ணைச் சுட்டுக்கொண்டேயிருக்கின்றது. இவனைச் சுடுதல் மாத்திரம் அதற்கு இயலாதாயிற்று. ஆணவம் ஒன்றாயினும் உயிர்தோறும் தடுத்து நிற்கும் அதன் சத்திகள் பல என்றும், ஓர் உயிர் வீடுபெற ஏனைய உயிர்கள் கட்டுண்டே நிற்றல் அதனாலாம் என்றும் ஆசிரியர்கள் கூறுவர். வெயில் ஒன்று, நிழல் சேர்ந்தானை அது விடுகின்றது, சேராதானைச் சுடுகின்றது. (ஞாயிற்றை இறைவனுக்கு உவமையாக்குதலே நூல்வழக்கு என்பதை மறந்தோமல்லோம், ஈண்டு வெம்மை மாத்திரமே கொள்ளப்பட்டது.)

அற்றேல், நிழலை விட்டு நீங்கினால் வெயில் மீளவும் சுடுமே, முத்தி பெற்றாரும் மீண்டு வருவர் எனல் பெறப்படுமே எனின், இது தக்க தடையே. விடை வருமாறு: வழிப்போவான் நிழலை விட்டு நீங்குவது, மரம் ஓரிடத்தே நிற்றலானும், அவனுக்கு வேறோரிடத்தே கருமம் உளதாகலானும் ஆம். திருவருள் எங்கும் நிறைந்தது. அதற்குப் புறம்பாக ஓரிடம் இன்று. ஈர்த்துச் செல்லும் கருமமோ இருவினை. அது முன்னரே தீர்ந்தது. செல்லும் இடமும் செல்லுதற்குக் காரணமும் இல்லாதான் எங்ஙனம் நீங்குவன்?

அங்ஙனமாயின், எங்கும் நிறைந்த நிழலில் யாம் இன்றும் வேகின்றது என்னை? இவ்வினா எம்மைச் சிலநாள் வருத்தியது. விடை அம்மடத்து வழக்கிலேயே கிடந்தது. சுரமுற்றானைக் கொண்டுபோய்ப் புங்க நிழலிற் கிடத்துக. அவன் மேனி அங்கேயும் அனல் வீசும்; வெயிலில் கிடக்கின்றேன் என்றே பிதற்றுவான். நிழல் இல்லாமையாலன்று, சுரம் உண்மையால். நிலவேம்பு கொடுக்கச் சுரம் தணிகின்றது. தணிந்தபின் அவன் நிழலை உணர்கின்றான். மருந்து அவனுக்கு நிழலைக் கொணர்ந்ததோ? இல்லை. அவன் கிடந்தது முன்னும் நிழலிலேதான். இந்நிலையில் மருந்தின்றி நிழல் பயன்படவில்லை. நிழல் இல்லையாயின், சுரம் தீர்ந்தவனும் வெயிலிலேயே விடப்பட்டவனாவான்.

திருநாவுக்கரசர் வரலாற்றில் இவ்விரண்டும் வரிசையாகவே நிகழ்ந்தன. திருவதிகையில் அவர்க்குச் சூலை தீர்ந்தது, அது மருந்து. பின்னர்ப் பல்லவன் ஆணையால் 7 நாள் நீற்றறையில் அடைக்கப்பட்டார். அத் தீ அணையவில்லை, அறை திறக்கப்படவில்லை. அவர் ஈசன் திருவடி நிழலின் தண்மையைப் பாடிக்கொண்டு அதனுள்ளே இருந்தார். சூலையில், துன்பம் நீங்கியது. நீற்றறையில், துன்பத்தின் ஏது நீங்காமலே அதன் சுடுதொழில் அவர்மாட்டு மடங்கியது. சம்பந்தப்பிள்ளையாரும், மதுரையில் பாண்டியன் வெப்புநோய்க்கு மருந்தளித்தவர், பட்டீச்சரத்து வழியில் வேனிலின் வெம்மை தீர முத்துப்பந்தர் பெற்றவர்.

சூலையைக் கூறியதனால் ஒன்று சொல்லாமற் போதல் இயலவில்லை. மருந்து கைக்கும். இறைவன் தரும் துன்பத்தை மறக்கருணை என்றும், மலம் பக்குவப்படுதற்குத் திரோதான சத்தி செய்யும் தொழில் என்றும் நாம் கூறுகின்றோம். கூறுதல் உண்மையே. ஆயின் அதனை யார் யாரிடத்து எப்பொழுது கூறுவது? மகவை இழந்தாளிடத்தும், பிணியால் துடிப்பானிடத்தும் சென்று, இது உமக்கு மருந்து என எளிதாகக் கூறிவிட்டு வருவார் நம்முள் மிகப் பலர். சொல் சித்தாந்தம், செயல் கன்னெஞ்சம். திலகவதியார் செய்ததைக் காண்க. தம்பியைச் சூலை தந்து ஆட்கொள்வதாக இறைவன் கனவில் உணர்த்தியதை அவர் முன்னமே அறிவார். தம்பி வந்து அடியில் விழுந்தபோது, அவர் பட்ட துயரைக் கூறி எழுமாறு முதலிற் சொன்னார். எழுந்து தொழுத பின்னரே இது இறைவன் அருள் என்றார். சொல்லி விட்டுத் தம் மனைக்குட் புகுந்தாரல்லர். திருநீறு அளித்து, தாமே உடன் சென்று திருக்கோயிலிற் புகுவித்தார். பல்லாண்டு அத் தம்பியின் பொருட்டு வருந்தி விண்ணப்பித்தவர் அவர். அத்துணை வருந்தாத நமக்கு, பிறர் துன்பத்தை மருந்து எனப் பெயரிடும் உரிமை உண்டென யாம் கருதவில்லை. தன் துன்பத்தை ஒருவன் அவ்வாறு கொள்ளின், அது வேறு.

இனி நந்தவனத்திற்கு வருவோம். மருத்துவம் அறிந்தார் ஒருவரும் அம்மடத்தில் இப்போது இல்லை என அன்பர் எழுதியுள்ளார். அறிந்து கொடுப்பாரின்றி நிலவேம்புப் பாத்தி மாத்திரம் இருத்தல், ஆசிரியனின்றி ஏட்டுச்சுவடி இருத்தலை ஒக்கும். கண்டவர் பறித்துக் கண்டவாறு காய்ச்சிக் குடிப்பர். ஆகலின் இப்போதைக்குப் புங்கங்கன்றே நடுக என்பது எம் கருத்து. மூத்த அடியார்க்கு இது மனக்குறை தருமாயின், அவரிடத்துப் பின்வருவதைக் கூறுக: நிலவேம்பு சற்றே நிழல்படும் இடத்தும் வளர்வது, மரம் ஓங்கியபின் அதன் விளிம்பில், காலை வெயில் விழும் கீழ்ப்பாலில், அதனை விதைக்கலாம். சமூலம் பறித்து உலர்த்துவதும் வெயிலிலன்று, நிழலிலேயே. மருத்துவர் ஒருவர் அங்கு வந்து தங்குவாராயின் அவர்க்கும் அம்மரம் வேண்டப்படும். அதுவரையில் சுரத்தோடு வாயிலுக்கு வருவாரை அவ்வூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மடத்தார் ஒருவரை நியமித்தல் வேண்டும். மரம் நட்டோம் என்று அதனை விட்டுவிடலாகாது. பழைய மரத்தின் வேர் கிணற்றுச் சுவரைப் பிளந்திருந்ததாகவும் அன்பர் எழுதுகின்றார். எனவே கன்றைப் பழைய குழியில் வையாமல், கிணற்றினின்றும் இயன்ற அளவு மேற்கே தள்ளி நடுக.